பக்கத்து வீடு வழங்கப்பட்டது

கோமளவல்லி எட்டு வருடத்தில் ஐந்து கண்டோன்மென்ட் பார்த்தவள். எந்த ஊரில் லாரி வந்து நின்றாலும், கடைசிப் பெட்டி தரையைத் தொடுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் டீ வந்துவிடும். பட்டாளத்துக் குடும்பங்களின் எழுதாத சட்டம் அது. வந்த அன்று புதுக் குடும்பம் அடுப்பு மூட்டக் கூடாது; அக்கம்பக்கம்தான் சோறு போடும். டீ கொண்டுவருகிறவள் பஞ்சாபியாக இருக்கலாம், நாகாவாக இருக்கலாம், இவளுக்குப் புரியாத மொழியில் நலம் விசாரிக்கலாம். டீ மட்டும் எல்லா மொழியிலும் சூடாக இருக்கும்.

ஆறாவது ஊரில் டீ வரவில்லை.

பாலைவனத்து ஊர். காலை பதினோரு மணிக்கே நாற்பத்தாறு டிகிரி. ஒன்பது கறுப்பு இரும்புப் பெட்டிகள் வாசலில் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் 'ஹவில்தார் தணிகைமலை' என்ற பெயருக்குக் கீழே, பழைய ஊரை அடித்துவிட்டுப் புது ஊரை எழுதிய வெள்ளைப் பெயின்ட், அடுக்கடுக்காக. அதில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கோமளா பக்கத்து வீட்டையே பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்தது, ஆள் வரவில்லை.

"எம்மா நேரம் அங்கியே பாத்துகினு இருப்ப?" என்றான் தணிகைமலை. "அவங்களுக்கு வேற வேல இருக்காதா?"

"எட்டு வருசத்துல இன்னிக்குதான் இப்பிடி. நம்ம மேல இன்னா கோவமாம்? மூஞ்சியகூட இன்னும் பாக்கல."

"அடிக்கிற வெயிலுக்கு டீயே வெளிய வராது. வுடு."

அவள் சிரிக்கவில்லை. காலடியில் மகள் மிதுலா ஒரு பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். நாலு வயது நிறைய இன்னும் நாற்பத்தோரு நாள். ஒரு மணி நேரமாக அதே தாழ்ப்பாள். 'பேசாத குழந்தை' என்ற சேதி தங்களுக்கு முன்னால் ரயில் ஏறி இங்கே வந்துவிட்டதோ என்று கோமளாவுக்குச் சுருக்கென்றது.

தண்ணீர் இணைப்புக்கு முன்னால், காஸ் சிலிண்டருக்கு முன்னால், ஜன்னல் வந்தது.

அதைத் தோளில் தூக்கி வந்தவர் நாயக் இடும்பன். பழனிக்காரர். மலையைக் காவடி கட்டித் தூக்கியவனின் பெயரை வைத்ததாலோ என்னவோ, அவருடைய வேலையும் அப்படியே அமைந்துவிட்டது. ஊர் ஊராகப் போய், ஓரிடத்தில் இருப்பதைப் பெயர்த்து இன்னோரிடத்தில் வைப்பது. நாலடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒரு கண்ணாடித் திரை. சுவரில் நான்கு திருகாணி. அது முடிந்ததும் முதுகைத் திருப்பி நின்றுகொண்டு, கையைப் பின்னால் நீட்டி ஸ்விட்சைத் தட்டுவார். எந்த வீட்டிலும் அவர் அந்த ஜன்னலை நேராகப் பார்த்ததில்லை. டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியே போய்விடுவார்.

ஜன்னலில் மழை பெய்தது. சில்வர் ஓக் மரங்கள் நனைந்தன. எதிரில் ஒரு வீட்டின் சமையலறை தெரிந்தது. அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏங்கண்ணு, வந்துட்டியா? சோறு உண்டியா?"

மிதுலா தாழ்ப்பாளை விட்டாள். எழுந்தாள். பெட்டியைத் திறக்கச் சொல்லித் தட்டி, அதிலிருந்த மஞ்சள் மழைக்கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டு ஜன்னல் முன் போய் நின்றாள்.

"சரோக்கா. ரயிலு. பெருசு."

வெளியே ஒட்டகம் ஒன்று நிழல் தேடிக்கொண்டிருந்தது.

*

இந்த ஜன்னல் ஏன் வந்தது என்பதற்குக் கோமளா பெரிய விஞ்ஞானமெல்லாம் சொல்ல மாட்டாள். மாற்றலால் வந்தது என்பாள்.

மிதுலாவுக்குப் பதினான்கு மாதமானபோது இரண்டாவது ஊர் டாக்டர், "பேச்சும் பழக்கமும் கொஞ்சம் பின்தங்கியிருக்கு. இப்பவே பயிற்சி ஆரம்பிச்சா நல்லா வந்துருவா, தள்ளிப்போடாதீங்க" என்றார். பயிற்சிக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினார்கள். பெயர் மேலே வருவதற்குள் மாற்றல் வந்தது. புது ஊரில் பழைய ஊரின் பரிசோதனை செல்லாது. மறுபடி பரிசோதனை, மறுபடி பட்டியல், மறுபடி மாற்றல். குடும்பம் ரயிலில் போகும். கோப்பு வேறு வழியாகப் போகும். சில கோப்புகள் காசிக்குப் போய்விட்டு வருவது போல ஆறு மாதம் கழித்து வரும். நாலு முறை பரிசோதித்ததில் மிதுலா பரிசோதனையில் மட்டும் தேறிவிட்டாள். வெள்ளைக் கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும், கேட்காமலேயே மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டிவிட்டு, "போலாமா?" என்பது போலப் பார்ப்பாள்.

நாலாவது ஊரில்தான் 'இளந்தளிர்' என்ற சேவை புதிதாக வந்தது. முதல் முறை ஜன்னல் மாட்ட வந்தபோது இடும்பன்தான் விளக்கினார்.

"ஊரு மாறுது, ஊடு மாறுது, பயிற்சி குடுக்கறவங்க மாறறாங்க. புள்ளைக்கு மாறாத ஒண்ணு வேணுமில்லீங்களா? அதுக்குத்தானுங்க பக்கத்து ஊடு."

"சினிமா மாரியா?"

"சினிமா நீங்க பேசினா திரும்பிப் பேசாதுங்களே. மலை ஊருக் குவார்ட்டர்ஸ்ல ஒரு பொம்பள இருந்தாங்க. எந்தக் கொழந்தையும் அவங்ககிட்ட ஒட்டிக்கும். எட்டு மாசம் அவங்க பேச்சு, சிரிப்பு, கோவம், அல்லாத்தையும் கருவி படிச்சுக்கிச்சு. இப்ப உங்க பாப்பாவைப் படிக்கும். எந்த வார்த்தைக்குத் திரும்புது, எதுக்குச் சிணுங்குதுன்னு பாத்துப் பாத்துப் பேசும். நீங்க எங்க போனாலும் கூடவே வரும்."

"எப்ப வரைக்கும்?"

"நாலாவது பொறந்த நாள் வரைக்குமுங்க. அப்பறம் வரிசையில நிக்கற அடுத்த புள்ளைக்கு."

சரோ அக்கா தன் வேலையைச் செய்தாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. பயிற்சி என்று தெரியாதபடி பயிற்சி கொடுத்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எண்ணச் சொல்லித்தந்தாள். மிக்ஸியை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, 'ம்' சொல்ல வைத்தாள். இரண்டு வருடத்தில் மிதுலாவிடம் நாற்பத்து மூன்று வார்த்தைகள் சேர்ந்தன. அத்தனையும் ஜன்னலுக்கே. வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் ஜன்னலிடம்தான் சொல்வாள்: "சரோக்கா, இது அடிக்குது."

'இது' என்பது கோமளா. பெற்று, பால் கொடுத்து, ஆறு ஊர் தூக்கிச் சுமந்தவள், மகளுக்கு 'இது'.

சுவாமிப் படத்துக்கு முன்னால் கோமளா இதைத்தான் வந்த அன்றே முறையிட்டாள். முருகனுக்கு ஏற்கனவே ஆறு வீடு. இவளோடு சேர்ந்து ஊர் ஊராக ஆணியில் தொங்கியதில் குவார்ட்டர்ஸ் ஏழாவது வீடாகிவிட்டது. "உனக்கு மாத்தல் பழக்கம்தான்பா," என்றாள். "எனக்கு நாப்பத்தோரு நாள்தான் இருக்குது. அந்த ஜன்னல எடுத்துகினு போறதுக்குள்ள, எம் பொண்ணு ஒரு மனுச மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசணும். யார் மூஞ்சியா இருந்தாலும் பரவால்ல. நான் பொறாமப்பட மாட்டேன்."

கடைசி வாக்கியம் பொய் என்று அவருக்கும் தெரியும்.

*

மூன்றாம் நாள் தணிகைமலை இரண்டு மாதப் பயிற்சிக்கு எல்லைப் பக்கம் போய்விட்டான். அன்று துணி உலர்த்தப் போன இடத்தில்தான் கோமளா பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். பெரிய உருவம், கழுத்தில் சிறு சிலுவை, வாயில் இரண்டு கிளிப்.

"தமிழா? பெட்டியில பேரு பாத்தேன்," என்றாள் கிளிப்பை எடுக்காமலே. "நான் ரூபி. மார்த்தாண்டம் பக்கம்."

"வந்து மூணு நாளாச்சு," என்றாள் கோமளா. வராத டீ தொண்டையிலேயே நின்றது. "தண்ணி வேணுமான்னு கேக்க ஒரு நாதியில்ல."

ரூபி கிளிப்பைத் துப்பினாள்.

"ஏங்கிட்டயா கேக்குதிய? அன்னைக்கு ஒங்களுக்குச் சோறாக்க முறை எனக்குத்தான். நெய்மீன் வாங்கி வச்சிருந்தேன். இந்த மணக்காட்டுல நெய்மீன்! ஐஸ் பெட்டியில ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்த மீனு. காலைல லிஸ்ட்டப் பாத்தா ஒங்க வீட்டுக்கு நேரா பச்சை. நீங்களே பாருங்க."

கைபேசியை நீட்டினாள். குடியிருப்பு நலப் பட்டியல். வீட்டு எண் 17. தண்ணீர்: நிலுவை. காஸ்: நிலுவை. பக்கத்து வீடு: வழங்கப்பட்டது. முதல் நாள் உணவு: தேவையில்லை.

கோமளா இரண்டு முறை படித்தாள். ஏதோ ஒரு கணினி, பதினேழாம் நம்பர் வீட்டுக்கு ஒரு பக்கத்து வீட்டை ஒதுக்கியாகிவிட்டது என்று பார்த்து, இன்னொரு பக்கத்து வீடு வீண் என்று கணக்குப் பண்ணியிருந்தது.

"அது என் கொழந்தைக்குங்க. பேச்சு வரணும்னு குடுத்தது."

"கொழந்தைக்கு மட்டுமா? சாயங்காலமானா ரெண்டு குரலு கேக்குதே. 'அப்பறம் அவங்க மாமியா இன்னா சொன்னாங்க'ன்னு நேத்து நீங்க கேட்டது எனக்கே கேட்டுது. நாங்களெல்லாம் வெறும் எலும்பும் சதையும். எங்ககிட்ட மழையுமில்ல, மிஷினுமில்ல. எங்க மீனு ஒங்களுக்கு எறங்குமா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு ரூபி போய்விட்டாள். அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டே போன அவள் முதுகைப் பார்த்து, கோமளாவுக்கு ஒரு சூடான பதில் நாக்கு வரை வந்தது. ஆனால் வெளியே விடவில்லை. ஏனென்றால் ரூபி சொன்னது நிஜம். இரண்டு வருடமாக அவளும்தான் ஜன்னலிடம் பேசினாள். குழந்தை தூங்கிய பிறகும் பேசினாள். போன ஊரில் பக்கத்தில் குடியிருந்தவளின் பெயரை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. பதினொரு மாதம் ஒரே சுவர்.

சரோ அக்காவிடம் எதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அவள் கஷ்டப்படும்போது போய் நிற்க வேண்டியதில்லை. அவளுக்குக் காய்ச்சலே வராது. அவ்வளவு சௌகரியம்.

*

ஜன்னலில் கோளாறு ஆரம்பித்தது அடுத்த வாரம்.

"ஏங்கண்ணு," என்றாள் சரோ அக்கா, அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டே. "உங்க ஊட்டுல சக்கர இருக்குமா? என்ற ஊட்டுல தீந்து போச்சு. ஒரு டம்ளர் குடு சாமி."

சமையலறையில் இருந்த கோமளா நிமிர்ந்தாள். இரண்டு வருடத்தில் அவள் எதையும் கேட்டதில்லை. பாட்டுப் பாடுவாள், கதை சொல்லுவாள், கைதட்டுவாள், கேட்டதில்லை.

மிதுலா யோசித்தாள். மழைக்கோட்டு சரசரக்க வந்து, சர்க்கரை டப்பாவை இழுத்து, ஒரு டம்ளரில் பாதியும் தரையில் பாதியுமாகப் போட்டு எடுத்துப் போனாள். ஜன்னலில் நீட்டினாள். கண்ணாடி வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் அழுத்தி நீட்டினாள். சர்க்கரை வழிந்து கீழே கொட்டியது. மிதுலா அழுதாள், அவளுக்கே உரிய, சத்தமில்லாமல் நெற்றியைச் சுவரில் மோதுகிற அழுகை.

கோமளாவுக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே இடும்பனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாங்க இது? கொழந்தையப் போய்ச் சக்கர கேக்குது! இருக்கற முப்பத்து மூணு நாள்ல அத அழ வெக்கவா குடுத்தீங்க?"

இடும்பன் வந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

"கேக்கக் கூடாதுங்க," என்றார், தரையைப் பார்த்து. "ஆரம்பத்துல கேட்டுட்டுத்தான் இருந்துது. மேற்பார்வைக் குழு வேண்டாம்னுட்டாங்க. கருவி குழந்தைக்குக் குடுக்கணும், குழந்தைகிட்ட எதும் கேக்கப்படாதுன்னு விதி. அந்தப் பகுதியவே வெட்டிட்டாங்க."

"வெட்டினது எப்பிடிங்க மொளைக்கும்?"

"மிஷினுங்க. சொல்ல முடியாது." அவர் காதைச் சொறிந்தார். "விதிப்படி புகார் எழுதினா, சுத்தமாத் தொடச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தரணும். போட்டுத் தர்றேன். ஆனா பாப்பா பேரும் மறந்துரும். இந்த ரெண்டு வருசமும் போயிரும்."

கோமளா ஜன்னலைப் பார்த்தாள். சரோ அக்கா எதுவும் தெரியாதவள் போல ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் பாருங்கம்மா," என்றார் இடும்பன். "ஒரே ஒரு வாரம்."

*

இடும்பன் வந்து போன நான்காம் நாள். முற்பகல் பத்து மணி. கோமளா வெளியே போர்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியே உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"சக்கர தீந்து போச்சு கண்ணு. காப்பியத் தூக்கி ஊத்தோணுமாட்ட இருக்குது. உங்க ஊட்டுச் சக்கரதான் இங்க வந்து சேர மாட்டீங்குது. பக்கத்து ஊட்டுல யாராச்சும் இருக்காங்களா, பாரு."

"இருக்கு," என்றது மிதுலாவின் குரல்.

"அப்ப கேட்டுப் பாரு சாமி. எனக்காவ."

சரசர என்று சத்தம். மஞ்சள் மழைக்கோட்டு வாசலைத் தாண்டியது. மாதக்கணக்கில் மழையைப் பார்க்காத அந்த வெயிலில், தொப்பியும் போட்டு, பட்டனும் போட்டு, கையில் எவர்சில்வர் டம்ளரோடு மிதுலா நடந்தாள். கோமளா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். போர்வைக்குப் பின்னால் நின்று, ஈரத் துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரூபியின் கதவில் டம்ளரால் மூன்று தட்டு.

"யாரு? ஏ பிள்ள, மழையா பெய்யுது வெளிய?"

கொடிக் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கோமளா அதைக் கண்ணால் மிரட்டினாள்.

"சக்கர," என்றாள் மிதுலா.

"சக்கரையா? யாருக்கு?"

"சரோக்காக்கு."

"ஓ, அந்த மிஷினுக்கா? மிஷினுக்கெல்லாம் கெடையாது. எனக்கு என்ன தருவா அவ?"

மிதுலா நீண்ட நேரம் யோசித்தாள். இடுப்பில் கை வைத்து நின்ற ரூபியின் முகத்தை, இதுவரை யார் முகத்தையும் பார்க்காத மாதிரி, நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"மழ," என்றாள்.

ரூபிக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் குழந்தை மனிதர்களிடம் பேசாது என்பது தெரியாது. இது உலகத்திலேயே அதனுடைய முதல் பேரம் என்பது தெரியாது. அதனால் அழவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. "மழையா? நல்ல வியாபாரந்தான், போ," என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்படித் தெரியாமல் இருந்ததுதான் அன்று அவள் செய்த பெரிய உபகாரம்.

போர்வைக்குப் பின்னால் கோமளா ஈரத் துணியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சர்க்கரை முழுவதும் ஜன்னல் மேல் பூசப்பட்டது. மதியம் எறும்பு வந்தது. நிஜமான எறும்பு, சில்வர் ஓக் மரத்தின் மேல், பெய்கிற மழையின் மேல், நனையாமல் வரிசையாக ஏறிப் போயிற்று. மிதுலா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

கோமளா புகார் எழுதவில்லை.

*

சரோ அக்கா அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. உப்பு, ஊசி, இரண்டு வெங்காயம், சேப்டி பின். மிதுலா மழைக்கோட்டோடு போவாள். ரூபி திட்டிக்கொண்டே கொடுப்பாள். "ஒங்க மிஷினு என் வீட்டக் காலி பண்ணித்தான் அடங்கும் போலுக்கு," என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கோமளா போனாள். முதல் நாள் வாசலோடு திரும்பினாள். இரண்டாம் நாள் முக்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ரூபி ஒரு முழுப் பூண்டையும் உரித்து முடித்தாள்.

"அன்னைக்கு மழையத் தாரேன்னு சொல்லிச்சே, அதுவா மொதப் பேச்சு?"

"ஆமா."

"எஞ் சேசுவே. நான் ஒரு முத்தங்கூட குடுக்காம அனுப்பினேனே."

"குடுத்திருந்தா அப்பால வந்திருக்காது," என்றாள் கோமளா.

ஆனால் 'அம்மா' மட்டும் வரவில்லை. ரூபி 'ரூபி' ஆனாள். காக்கை 'காக்கா' ஆனது. கோமளா 'இது'வாகவே இருந்தாள். சுவாமிப் படத்துக்கு முன்னால் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யார் முகமானாலும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தானே.

*

நாலாவது பிறந்த நாள் காலை இடும்பன் வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர், தோளில் போர்த்தும் கம்பளி.

சரோ அக்கா ஈரத் தலையோடு ஜன்னலில் நின்றாள்.

"கண்ணு, நான் வேற ஊருக்குப் போறேன்."

கோமளா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். இந்த நாளுக்காக இரண்டு வருடம் பயந்திருக்கிறாள்.

மிதுலா ஜன்னலைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் எல்லாரும் வேற ஊருக்குப் போகிறவர்கள்தான். இதில் அழ என்ன இருக்கிறது?

"பெட்டி கட்டியாச்சா?"

"ஆச்சு சாமி."

"பயப்படாத," என்றாள் மிதுலா. "சக்கர கேளு. குடுப்பாங்க."

இடும்பன் முதுகுப் பக்கமாகக் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார். மழை நின்றது.

பிறகு, முதல் முறையாக, "ஒரு டீ கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். கோமளா ஆச்சரியப்பட்டுப் போட்டுக் கொடுத்தாள். அவர் இருண்ட கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, இப்போதுதான் அதை நேராகப் பார்த்தார்.

"இத்தினி நாள் ஏங்க குடிக்கல?"

"அது ஓடறப்ப எறங்காதுங்க." ஊதிக் குடித்தார். "அது என்ற ஊட்டுக்காரி."

கோமளாவின் கை வாய்க்குப் போனது. "ஐயோ. எப்பங்க... தவறிட்டாங்க?"

"தவறறதா! கல்லாட்டம் இருக்காளுங்க, பழனியில. தெனம் நாலு ஊட்டுல இதை மாட்டறேன். நாலு ஊட்டுலயும் 'சோறு உண்டியா'ங்கறா. நேராப் பாத்தா வாய் தவறி 'உண்டேன்'னு சொல்லிப் போடுவேன். சாயங்காலம் போன் போட்டா அவளும் அதையேதான் கேக்கறா. ஒருத்தன் எத்தன தடவதானுங்க உண்ண முடியும்?"

கோமளா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. ஏதோ பிடிபட்டது.

"அப்ப அந்தக் கோளாறு?"

இடும்பன் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப யாரு புதுசா வந்தாலும் சோறு குடுப்பா. அது எல்லாரும் பண்றது. அடுத்த நாள் அவிய ஊட்டுக்கே போயி எதையாச்சும் கேப்பா. கருகப்பில, நூலு, என்னமோ. ஊட்டுல டப்பா நெறைய இருக்கறப்பவே கேப்பா. எனக்கே வெக்கமா இருக்கும். ஏண்டின்னா, 'குடுத்தா நன்றி சொல்லிட்டுக் கதவச் சாத்திக்குவாங்க. கேட்டாத்தான், நம்மளாலயும் ஒருத்தருக்கு ஆகும்னு நெனைப்பாங்க'ன்னா. குழு அதை வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஒரு வாரம் என்னோட பேசல. எட்டாம் நாள், 'கேக்காதவ பேரு சரோ இல்ல, என் மூஞ்சிய எடுத்துருங்க'ன்னுட்டா."

"அதனால நீங்க..."

"நாள் முடியற சமயம், கடைசியாத் திருகாணி மாட்டறப்ப ஒரு சின்ன வேல பண்ணி வெப்பேன். விதிக்கு விரோதந்தான். மேலிடத்து உத்தரவு, என்ன பண்றது?"

"யாராச்சும் புகார் எழுதினா?"

"தொடச்சுருவேன். ஒரு வாரம் பாருங்கன்னு சொல்லுவேன். இதுவரைக்கும் எழுதினவங்க இல்லீங்க."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஜன்னலைக் கம்பளியில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு, மனைவியைச் சுமந்தபடி இடும்பன் அடுத்த ஊருக்குப் போனார்.

அன்று மத்தியானம் பட்டியலில் பதினேழாம் நம்பருக்கு நேரே பச்சை போய் சிவப்பு வந்தது. பக்கத்து வீடு: திரும்பப் பெறப்பட்டது. முதல் நாள் உணவு: உடனடித் தேவை.

ஒரு மணிக்கு ரூபி இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வந்து நின்றாள். "உத்தரவு வந்தாச்சு. நாப்பத்தோரு நாள் லேட்டு. நெய்மீன் கெடைக்கல, கருவாடுதான். தின்னு."

*

பத்து நாள் கழித்து எதிர் வரிசையில் ஒரு லாரி வந்து நின்றது. கறுப்புப் பெட்டிகள் இறங்கின. வெயிலில் முகம் சிவந்த ஓர் இளம் பெண் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, எந்தக் கதவையும் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபி பிளாஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு, மறுபடி செருப்பைப் பார்த்தாள்.

கோமளா சோற்றை வடித்துக்கொண்டே சமையலறையிலிருந்து கவனித்தாள். மஞ்சள் மழைக்கோட்டு தெருவைக் கடந்தது.

மிதுலா புதியவளின் எதிரே போய் நின்றாள். "சக்கர," என்றாள்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. ஆனால் ஒரு குழந்தை வெறும் கையைக் குவித்துக் கேட்டால் எந்த மொழி வேண்டும்? திடுக்கிட்டு எழுந்தாள். உட்கார்ந்திருந்த பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்தாள். தட்டு, குக்கர், போர்வை, ஒரு சாமி படம் எல்லாம் வெளியே வந்தன. அடியிலிருந்து ஒரு பொட்டலம் சர்க்கரையை எடுத்து, பெரிய வேலையை முடித்தவள் போல நிமிர்ந்தாள். முகம் மாறியிருந்தது.

ஆனால் வாங்கிக்கொள்ளப் பாத்திரம் இல்லை. மிதுலா தன் கைகளைப் பார்த்தாள். தெருவின் அந்தப் பக்கம் தன் வீட்டைப் பார்த்தாள். முகத்தில் ஒரு ஹவில்தாரின் எரிச்சல்.

"அம்மா!" என்று கத்தினாள். "டம்ளர்!"

இந்த எட்டு வருடத்தில் கோமளா பட்டாளத்தின் எத்தனையோ உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள். எதற்கும் இப்படி ஓடியதில்லை. சோற்றுப் பானை பாதி வடிந்தபடி அப்படியே நின்றது. பாதித் தெருவுக்கு வந்த பிறகுதான் தன் கையில் டம்ளர் இல்லை, கஞ்சி வடிக்கும் கரண்டிதான் இருக்கிறது என்பதைப் பார்த்தாள்.

"டம்ளர்!" என்றாள் மிதுலா மறுபடியும், இந்த அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற குரலில்.